ஒரு வாக்கியம், நான்கு திருத்தங்கள்: யாழ்ப்பாணத்தில் ஓர் ஆங்கில ஐயம் தீர்க்கப்பட்ட விதம்

பின்னணி

யாழ்ப்பாண நகருக்குச் சற்று வெளியே உள்ள சனசமூக நிலையமொன்றின் வாசிகசாலையில், ஞாயிறு மாலைகளில், ஆங்கில இலக்கணமும் சொற்பயன்பாடும் பற்றிய ஐயங்களுக்கு விடை சொல்லும் பணியை ஆசிரியர் சிலரும் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவரும் நானும் சேர்ந்து செய்து வருகிறோம். இது வகுப்பன்று, பாடத்திட்டமும் இல்லை, கட்டணமும் இல்லை. வருகிறவர் தமது கேள்வியை மேசையிலுள்ள கொப்பியில் எழுதுகிறார். முறை வந்ததும் எங்களுடன் இருந்து பேசுகிறார். முடிவான விடை அதே கொப்பியில் கேள்விக்குக் கீழே எழுதப்படுகிறது. க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைகள், வெளிநாடு போவதற்காக ஐ.ஈ.எல்.ரி.எஸ். எழுதவிருப்பவர்கள், கொழும்பிலுள்ள திணைக்களமொன்றுக்குக் கடிதம் எழுதவேண்டியவர்கள், வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் எனப் பலதரப்பட்டோர் வருகிறார்கள்.

இந்த ஆய்வு அந்தக் கொப்பியிலுள்ள ஒரே ஒரு கேள்வியைப் பற்றியது. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்துடன், அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கி எழுதுகிறேன். இந்தக் கேள்வியைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. எங்களிடம் வருவதற்கு முன்னர் அவர் நான்கு இடங்களில் விடை பெற்றிருந்தார். விடை சொன்னவர்களில் எவரும் அக்கறையற்றவர் அல்லர், அவர்கள் எடுத்துச்சொன்ன விதிகளும் பெரும்பாலும் சரியானவையே. எனினும் அந்த நான்கு விடைகளில் எதை ஏற்றிருந்தாலும் அவருடைய கடிதம் உண்மைக்கு மாறானதாகவே போயிருக்கும்.

வாக்கியமும் அதற்குக் கிடைத்த திருத்தங்களும்

இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயது மதிக்கத்தக்க அந்தப் பெண் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு உதவியாளராக இருந்தவர். அரசசார்பற்ற நிறுவனமொன்றில் கணக்காளர் பதவிக்கு விண்ணப்பிக்க ஆங்கிலத்தில் கடிதம் எழுதியிருந்தார். கொப்பியில் அவர் எழுதிய கேள்வி இதுதான்: ‘ஐ ஆம் வேர்க்கிங் இன் அ கோப்பரேற்றிவ் சொசைற்றி சின்ஸ் 2019’ என்பது சரியா, பிழையா? பிழையென்றால் சரியானது எது?

அவருக்கு முன்னர் படிப்பித்த ரீச்சர் ஒருவர், ‘சின்ஸ்’ வந்தால் ‘ஹாவ் பீன் வேர்க்கிங்’ என்றுதான் வரவேண்டும் என்று திருத்திக் கொடுத்திருந்தார். ரொறன்ரோவிலிருக்கும் பெரியம்மாவின் மகன், கடிதத்துக்கு அது பேச்சுவழக்குப் போலிருக்கிறது, ‘ஹாவ் வேர்க்ட்’ என்று போடு என்றிருக்கிறார். கைத்தொலைபேசியிலுள்ள திருத்தும் செயலி ‘ஆம் வேர்க்கிங்’ என்பதன் கீழே சிவப்புக் கோடிட்டு, ரீச்சர் சொன்னதையே காட்டியிருக்கிறது. கொழும்பில் அலுவலகத்தில் இருக்கும் சிநேகிதியோ, இங்கே எல்லாரும் ‘ஆம் வேர்க்கிங் சின்ஸ்’ என்றுதான் சொல்லுகிறார்கள், ஒருவரும் பிழை பிடிப்பதில்லை, அப்படியே விடு என்று சொல்லியிருக்கிறார். கடிதத்தின் பிரதியில் அந்த ஒரு வரி மட்டும் வெட்டியும் மேலே எழுதியும் திரும்ப வெட்டியும் கறுத்துப்போயிருந்தது.

இவற்றில் முதல் மூன்று விடைகளையும் இலக்கணமாக மட்டும் எடுத்துப் பார்த்தால் அவற்றிடையே பெரிய முரண்பாடு இல்லை. 2019இல் தொடங்கி இன்றும் தொடரும் வேலையைச் சொல்ல ‘ஹாவ் பீன் வேர்க்கிங்’ என்பதும் ‘ஹாவ் வேர்க்ட்’ என்பதும் இரண்டும் ஆங்கிலத்தில் ஏற்கப்படுபவை. முன்னையது வேலை நடந்துகொண்டிருப்பதில் அழுத்தம் தருகிறது. பின்னையது காலத்தின் மொத்த நீளத்தில் அழுத்தம் தருகிறது. முறையான கடிதத்தில் முன்னையது வரக்கூடாது என்று எந்த விதியும் கிடையாது. ஆகவே ரீச்சரும் ரொறன்ரோ அண்ணாவும் ஒருவரை ஒருவர் மறுக்கவில்லை; அந்தப் பெண்ணுக்குத்தான் அது மறுப்பாகத் தெரிந்திருக்கிறது. வெளிநாட்டு உறவினரிடம் ஆங்கிலம் கேட்கும் வழக்கம் இங்கு வீட்டுக்கு வீடு இருப்பதால் இத்தகைய குழப்பம் அடிக்கடி வருகிறது. லண்டனில் இருப்பவர் ‘அற் த வீக்கென்ட்’ என்பார், கனடாவில் இருப்பவர் ‘ஒன் த வீக்கென்ட்’ என்பார். லண்டனில் ‘ஹாவ் யூ ஈற்றன் யெற்?’ என்று கேட்பதை வட அமெரிக்காவில் ‘டிட் யூ ஈற் யெற்?’ என்றும் கேட்பார்கள். இருவரும் தாம் வாழும் ஊரின் வழக்கைச் சரியாகவே சொல்லுகிறார்கள். கேட்டவருக்கு மட்டும் இருவரில் ஒருவருக்கு ஆங்கிலம் தெரியாது என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

கொழும்புச் சிநேகிதி சொன்னதையும் இலேசாகத் தள்ளிவிட முடியாது. ‘ஆம் வேர்க்கிங் சின்ஸ்’ என்ற அமைப்பு இந்தியாவிலும் இலங்கையிலும் பேச்சில் பரவலாகக் கேட்கும் ஒன்று. ஆயினும் முறையான எழுத்தில் அது ஏற்கப்படுவதில்லை. வேலைக்கு ஆளெடுப்பவர் அதைக் கண்டால் பிழையென்றே எண்ணுவார். நிலைமை அப்படியிருக்க, விண்ணப்பதாரியிடம் அதை மறைத்து ஆறுதல் சொல்வது அவருக்கு உதவி ஆகாது.

கேட்கப்படாத கேள்வி

எங்கள் குழுவில் அன்று அவருடன் பேசியவர் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) நீண்டகாலம் கடிதக் கோவைகளோடு வேலை செய்தவர் என்பதால், வாக்கியத்தைப் பார்ப்பதற்கு முன்னர் கடிதத்துடன் இணைக்கப்போகும் பத்திரங்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது அவர் வழக்கம். சேவைச் சான்றிதழில் இரண்டு ஆண்டுகள் இருந்தன: 2019, 2024.

“பிள்ளை இப்பவும் அங்கைதான் வேலை செய்யிறீங்களோ?”

“இல்லை ஐயா, போன பங்குனியோடை ஒப்பந்தம் முடிஞ்சுது.”

“அப்ப இந்தக் கடிதத்தைத் தமிழிலை எழுதிறதெண்டா என்னெண்டு எழுதுவீங்கள்? பணியாற்றி வருகிறேன் எண்டோ, பணியாற்றினேன் எண்டோ?”

அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. “பணியாற்றினேன் எண்டுதான். இப்ப அங்கை இல்லைத்தானே.”

இந்தச் சிறிய உரையாடலில்தான் கேள்வி தீர்ந்தது. 2022இல், வேலையில் இருக்கும்போது, வேறோர் இடத்துக்கு எழுதிய விண்ணப்பத்தை எடுத்து, திகதியையும் முகவரியையும் மட்டும் மாற்றி இந்தக் கடிதத்தை அவர் ஆக்கியிருந்தார். அப்போது உண்மையாக இருந்த நிகழ்காலம் இப்போது உண்மையன்று. ‘ஹாவ் பீன் வேர்க்கிங்’ என்று இலக்கணச் சுத்தமாகத் திருத்தியிருந்தால், கடிதம் “இன்னும் அங்கே வேலை செய்கிறேன்” என்று சொல்ல, அதனுடன் இணைத்த சான்றிதழ் “2024இல் நின்றுவிட்டார்” என்று சொல்லியிருக்கும். பிழையான ஆங்கிலத்தைக் கண்டால் தேர்வாளர் ஆங்கிலம் போதாது என்று நினைப்பார். திருத்தமான ஆங்கிலத்தில் இந்த முரண்பாட்டைக் கண்டால் ஆளின் நேர்மையையே ஐயுறுவார். அந்த வகையில் திருத்திய வாக்கியம் திருத்தாத வாக்கியத்திலும் கூடிய தீங்கு செய்யக்கூடியது.

நான்கு பேரும் ஏன் இதைக் கேட்கவில்லை என்பது இந்த நிகழ்வின் முக்கியமான பகுதி. நன்னூல் வினாவை ஆறாக வகுத்திருப்பதை இங்கு சாதாரண தரம் வரை தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். “இதுவா, அதுவா?” என்று கேட்பது ஐயவினா, தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. எங்களிடம் வரும் ஆங்கிலக் கேள்விகள் ஏறக்குறைய எல்லாமே ஐயவினாக்கள்: இது சரியா அது சரியா, இந்தச் சொல்லா அந்தச் சொல்லா. ஐயவினா ஒருவர் முன் வைக்கப்பட்டால் அவருடைய மனம் உடனே இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யப் போய்விடுகிறது. மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று நினைப்பதில்லை. இலக்கணம் நன்றாகத் தெரிந்தவர் இதில் மேலும் விரைவாக அகப்படுகிறார், ஏனெனில் விதி அவருக்கு நாவின் நுனியில் இருக்கிறது. விடை சொல்லப்போகிறவர் முதலில் தாமே ஓர் அறியாவினாவைக் கேட்கவேண்டும்: நடந்தது என்ன, இதை யார் வாசிக்கப் போகிறார்கள்? அதற்குப் பதில் கிடைத்த பின்னர் விதியைத் தேடுவதற்கு அதிக நேரம் எடுப்பதில்லை. திருத்தும் செயலியோ அந்த வினாவைக் கேட்கவே இல்லை. தன் முன்னுள்ள எழுத்துக்கு ஒரு தீர்ப்பை மட்டும் கொடுத்துவிட்டு நின்றுகொண்டது.

தமிழ் வாக்கியத்தைக் கேட்டதன் பயனையும் சற்று விரித்துச் சொல்லவேண்டும், ஏனெனில் எங்கள் குழுவுக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது. ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே யோசிக்கப் பழக்கவேண்டும், தமிழை நடுவில் கொண்டுவந்தால் பிழை பெருகும் என்று ஓர் ஆசிரியர் உறுதியாகச் சொன்னார். அவர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. “2019இலிருந்து அங்கே வேலை செய்கிறேன்” என்று பேச்சில் நாம் நிகழ்காலத்தைப் போடுகிறோம். அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியபோது பிறந்ததுதான் ‘ஆம் வேர்க்கிங் சின்ஸ்’. பிரெஞ்சு, ஜேர்மன் மொழிகளிலும் இத்தகைய இடத்தில் நிகழ்காலமே வருவதால் அந்த மொழிக்காரரும் ஆங்கிலத்தில் இதே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். இதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவருடைய முகம் தெளிந்ததைக் கண்டோம். நம்மவர்க்கு மட்டும் உள்ள குறைபாடென்று அவர் எண்ணியிருந்தார் போலும்.

ஆனால் அதே தமிழ், எழுத்து வழக்கில், ஆங்கிலத்தின் இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டவும் செய்கிறது. “பணியாற்றி வருகிறேன்” என்பதிலுள்ள துணைவினை, முன்னே தொடங்கி இன்றுவரை வந்துகொண்டிருப்பதைக் குறிக்கிறது. ‘ஹாவ் பீன் வேர்க்கிங்’ செய்வதும் அதுவே. “பணியாற்றினேன்” முடிந்த வேலை, அது ‘வேர்க்ட்’. “பணியாற்றியிருக்கிறேன்” என்பது எப்போது என்று சொல்லாமல் அனுபவம் உண்டு என்று மட்டும் சொல்வது. அதற்கு ‘ஹாவ் வேர்க்ட்’ பொருந்தும். தமிழில் கடிதம் எழுதத் தெரிந்த எவருக்கும் இந்த மூன்றின் வேறுபாடு ஏற்கனவே கைவசம் உள்ளது. ஆங்கிலத்தையும் தமிழையும் அருகருகே வைத்து வாசிப்பது இந்த மண்ணுக்குப் புதியதுமன்று. 1841இல் இங்கு தொடங்கிய உதயதாரகை இரண்டு மொழியிலும் வெளிவந்த பத்திரிகை. தமிழைப் பேச்சுவழக்கில் கேட்டால் பிழை வரும், எழுத்து வழக்கில் கேட்டால் தெளிவு வரும் என்பதே நாங்கள் கண்டது. அந்த ஆசிரியரும் அந்த அளவில் இதை ஏற்றுக்கொண்டார்.

இந்த முறைக்கு எல்லை உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது சரியன்று. “அவரைப் போன வருடம் நல்லூரில் கண்டிருக்கிறேன்” என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘லாஸ்ற் யியர்’ என்று முடிந்த காலத்தைக் குறித்துவிட்டால் ‘ஹாவ் சீன்’ வராது. ‘சோ’ என்றுதான் வரும். “அவர் நேற்றே வந்திருக்கிறார்” என்று பிறகு அறிந்ததைச் சொல்லும் தமிழ் வழக்கும் ஆங்கிலத்தில் ‘ஹாஸ் கம்’ ஆகாது. ஆகவே தமிழ் வாக்கியத்தைக் கேட்டு உண்மையைப் பிடித்த பின்னர், அந்த வாக்கியத்தில் திகதியோ நேற்றோ போன வருடமோ இருக்கிறதா என்று மீண்டும் ஒருமுறை பார்க்கவேண்டியிருக்கிறது.

‘சின்ஸ்’, ‘ஃபோர்’ என்னும் சூத்திரம்

அந்தப் பெண் எழுந்து போவதற்கு முன்னர் இன்னொன்று கேட்டார். “ஃபோர் ஃபைவ் யியர்ஸ் எண்டு போட்டா ஹாவ் கட்டாயம் வரவேணும் எண்டு ரியூசனிலை படிச்சனாங்கள். வேர்க்ட் போட்டா ஃபோர் போடேலாதோ?”

இந்தக் கேள்வியை நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் இது ஒரு மாணவியின் தனி மயக்கமன்று. ‘சின்ஸ்’, ‘ஃபோர்’ இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, இவை வந்தால் ‘ஹாவ்’ வரும் என்று மனனம் செய்விப்பது இங்கு பல ரியூட்டறிகளில் உள்ள வழக்கம். இடைவெளி நிரப்பும் வினாவுக்கு அது விரைவாக விடை தரும். ஆனால் அதில் பாதிதான் உண்மை. ‘ஃபோர்’ காலத்தின் நீளத்தை அளக்கிறதே தவிர, அந்தக் காலம் முடிந்ததா தொடர்கிறதா என்று சொல்வதில்லை. ‘ஐ வேர்க்ட் தெயர் ஃபோர் ஃபைவ் யியர்ஸ்’ என்றால் ஐந்து வருடம் வேலை செய்தேன், இப்போது இல்லை. ‘ஐ ஹாவ் வேர்க்ட் தெயர் ஃபோர் ஃபைவ் யியர்ஸ்’ என்றால் ஐந்து வருடமாக அங்கேதான் இருக்கிறேன். ‘ஃபோர்’ இரண்டிலும் அப்படியே இருக்கிறது. பொருளை மாற்றுவது வினை.

‘சின்ஸ்’ அப்படியன்று. அது தொடங்கிய புள்ளியைக் காட்டி அங்கிருந்து இன்றுவரை இழுத்துவருவதால் பெரும்பாலும் ‘ஹாவ்’ வினையோடு சேர்கிறது. அங்கும் விலக்குகள் உண்டு. ‘இற் இஸ் த்ரீ யியர்ஸ் சின்ஸ் ஐ லெஃப்ற் ஸ்கூல்’ என்று, பாடசாலையை விட்டு மூன்று வருடம் என்பதை ‘இஸ்’ போட்டுச் சொல்வது நல்ல ஆங்கிலம். ‘சின்ஸ்’ என்பதற்குக் “காரணத்தால்” என்ற பொருளும் இருக்கிறது; அந்தப் பொருளில் வரும்போது அதற்கும் இந்த விதிக்கும் தொடர்பே இல்லை. ‘சின்ஸ்’ என்ற சொல்லைக் கண்ட மாத்திரத்தே ‘ஹாவ்’ எழுதும் பிள்ளை, சுகமில்லாததால் வீட்டில் நின்றேன் என்ற வாக்கியத்திலும் ‘ஹாவ்’ எழுதி வைப்பதைக் கண்டிருக்கிறோம்.

மேலே சொன்ன மூன்றாவது தமிழ் வடிவம் இந்த இடத்தில் சற்றே ஏமாற்றக்கூடியது. “கணக்குப் பகுதியில் ஐந்து வருடம் பணியாற்றியிருக்கிறேன்” என்று வேலையை விட்டவரும் எழுதலாம். அதை அப்படியே ‘ஹாவ் வேர்க்ட் ஃபோர் ஃபைவ் யியர்ஸ்’ ஆக்கினால், வருடக்கணக்கு சேர்ந்ததால், இன்றும் தொடர்கிறது என்ற பொருள் ஆங்கிலத்தில் மேலோங்கிவிடுகிறது. அனுபவத்தைச் சொல்ல அவருக்கு நாங்கள் கொடுத்தது ‘ஐ ஹாவ் ஃபைவ் யியர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் இன் அக்கவுன்ற்ஸ்’ என்ற வாக்கியம். அனுபவம் இன்றும் அவரிடம் இருப்பதால் நிகழ்காலம் பொருந்துகிறது. வேலை முடிந்ததை அடுத்த வாக்கியம் சொல்லிவிடுகிறது. அந்த அடுத்த வாக்கியம் கொப்பியில் இவ்வாறு எழுதப்பட்டது: ‘ஐ வேர்க்ட் அஸ் அன் அக்கவுன்ற்ஸ் அசிஸ்ரன்ற் இன் அ கோப்பரேற்றிவ் சொசைற்றி ஃப்ரொம் 2019 ரு 2024.’ சான்றிதழிலுள்ள இரண்டு ஆண்டுகளும் கடிதத்திலும் அப்படியே வந்துவிட்டன.

கடிதத்தின் ஏனைய இடங்கள்

ஒரு வாக்கியத்துக்காக வந்தவரின் கடிதத்தை முழுவதும் வாசித்தோம். ‘ஐ ஆம் ஹாவிங்’ என்பது ‘ஐ ஹாவ்’ ஆயிற்று. ‘டிஸ்கஸ் எபௌற்’ என்பதில் ‘எபௌற்’ நீக்கப்பட்டது. இவை எல்லாரும் அறிந்தவை.

‘த’ எங்கே வரும் என்பது சற்று நேரம் எடுத்தது. தமிழில் இதற்கு நேரான உருபு இல்லாததால் விதியைச் சொல்வதைவிட ஊர்ப்பெயர்களைக் கொண்டு காட்டுவதே விளங்குகிறது. பல்கலைக்கழகத்தை ‘ஒஃப்’ போட்டு ‘த யூனிவேர்சிற்றி ஒஃப் ஜஃப்னா’ என்றால் ‘த’ வேண்டும். ‘ஜஃப்னா யூனிவேர்சிற்றி’ என்றால் வேண்டாம். வடமாகாணம் ‘த நோர்தேர்ன் புரொவின்ஸ்’. பாக்கு நீரிணை ‘த பாக் ஸ்ரெயிற்’. ஆனால் ஆனையிறவு வெறுமனே ‘எலிஃபன்ற் பாஸ்’. ஒரே வீதியை ‘த ஏ9’ என்றால் ‘த’ வரும், ‘கண்டி றோட்’ என்றால் வராது. நாள்தோறும் போய்வரும் இடங்கள் என்பதால் இவை மனதில் நிற்கின்றன.

சான்றிதழ்களின் மூலப்பிரதிகளை 15ஆம் திகதிக்குள் அனுப்புவேன் என்பதற்கு ‘ஐ வில் சென்ட் தெம் அன்ரில் த ஃபிஃப்ரீன்த்’ என்று எழுதியிருந்தார். இதற்கும் தமிழே வழிகாட்டியது. “15ஆம் திகதி வரை அனுப்புவேன்” என்றால் அன்றுவரை ஒவ்வொரு நாளும் அனுப்பிக்கொண்டிருப்பேன் என்று பொருள்படும் என்பதை அவரே சொன்னார். “வரை” வருமிடத்தில் ‘அன்ரில்’, “க்குள்” வருமிடத்தில் ‘பை’. விண்ணப்பங்கள் 15ஆம் திகதி வரை ஏற்றுக்கொள்ளப்படும் என்ற விளம்பரத்தில் ‘அன்ரில்’ சரி, ஏனென்றால் ஏற்றுக்கொள்ளுதல் அன்றுவரை தொடர்கிறது. அதற்குள் அனுப்பும் செயல் ஒருமுறை நடந்து முடிவது, ஆகவே ‘பை’.

அதிகம் பேசப்பட்டது ‘பாஸ்ட் அவுற்’ என்ற சொல். பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று வெளியேறியதை அவர் அப்படி எழுதியிருந்தார். இலங்கையிலும் இந்தியாவிலும் இது வழக்கிலுள்ள பிரயோகம். கொழும்பு அலுவலகமொன்றில் இதை வாசிப்பவருக்கு எந்த மயக்கமும் வராது. பிரித்தானிய வழக்கில் இராணுவ, பொலிஸ் பயிற்சி முடிந்து வெளியேறுவதற்கு இச்சொல் உண்டு. மற்றப்படி கேட்பவர் மனதில் முதலில் தோன்றுவது மயங்கி விழுவதுதான். இதைப் பிழை என்று வெட்டலாமா என்று எங்களுக்குள் வாதம் நடந்தது. நான் வெட்டக்கூடாது என்ற பக்கம். ஒரு நாட்டில் படித்தவர்கள் தலைமுறைகளாக எழுதியும் பேசியும் வரும் சொல்லை, இன்னொரு நாட்டில் வேறு பொருள் இருப்பதால் பிழை என்று அழைப்பது நீதியன்று. ஆனால் அந்த நிறுவனத்தின் தேர்வுக்குழுவில் வெளிநாட்டவரும் இருப்பார்கள் என்று விண்ணப்பதாரி சொன்னதால், இந்தக் கடிதத்துக்கு ‘கிராஜுவேற்றட் ஃப்ரொம்’ பொருத்தம் என்று எழுதினோம். கொப்பியில் அதற்கு எதிரே “பிழை” என்று எழுதவில்லை. “இந்த வாசகருக்குப் பொருந்தாது” என்று எழுதப்பட்டிருக்கிறது.

வேறொரு வாக்கியத்தில், தாம் வேலை செய்த கிளையைக் குறித்து ‘த பிரான்ச் ஐ வேர்க்ட் இன்’ என்று எழுதியிருந்தார். அதையும் ரொறன்ரோ அண்ணா, வாக்கியத்தொடர் ‘இன்’ போன்ற முன்னிடைச்சொல்லில் முடியக்கூடாது என்று வெட்டியிருந்தார். இந்தத் தடைக்கு அடி, 1672இல் ஜோன் டிரைடன் என்ற கவிஞர் பென் ஜோன்சனின் எழுத்தில் இதைக் குறையாகச் சொன்னது. பின்னர் பாடப்புத்தகங்கள் அதை விதியாக்கிக்கொண்டன. ஆங்கிலம் பேசுபவர்கள் அதற்கு முன்னும் பின்னும் அப்படியே எழுதி வருகிறார்கள். ‘இன் விச் ஐ வேர்க்ட்’ என்பது இன்னும் முறைமையாக ஒலிக்கும், அவ்வளவுதான். இரண்டில் எதுவும் எழுதலாம் என்றோம். அவர் தாம் முதலில் எழுதியதையே வைத்துக்கொண்டார்.

நேர்முகத் தேர்வு

கடிதம் அனுப்பிய பின்னர் அவர் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டார். அதற்கு முதல் ஞாயிறு மீண்டும் வந்தார், ஒரு பயிற்சிக்காக. தேர்வாளராக இருந்து எழுதுவினைஞர் கேட்டார்: ‘ஸோ யூ ஆர் நொற் வேர்க்கிங் தெயர் நவ்?’ அவர் ‘யெஸ்’ என்றார்.

“இப்ப அங்கை வேலை செய்யேல்லைத்தானே?” என்றால் “ஓம்” என்பதே நம் வழக்கு. கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் வினா எப்படி அமைந்தாலும் விடை நடந்ததைப் பொறுத்தது: வேலை செய்யவில்லையென்றால் ‘நோ’, செய்தால் ‘யெஸ்’. அவர் சொன்ன ‘யெஸ்’ஐக் கேட்ட ஆங்கிலேயர் ஒருவர், இன்னும் அங்கே வேலை செய்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம், அல்லது இரண்டில் எது என்று தெரியாமல் திரும்பக் கேட்கலாம். கடிதத்தில் இவ்வளவு கவனமாகத் திருத்திய அதே உண்மை, ஒரு சொல்லில் மீண்டும் புரண்டுபோக இருந்தது. விசா நேர்காணல்களிலும் இதனால் தொல்லைப்பட்டவர்கள் எங்களிடம் வந்திருக்கிறார்கள், “உங்களுக்கு அங்கே உறவினர் இல்லையா?” என்ற வினாவுக்கு ‘யெஸ்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவதன் விளைவு சிறியதன்று.

‘யெஸ்’, ‘நோ’ இரண்டையும் தனியே விடாமல் ஒரு சிறு வாக்கியத்தோடு சேர்த்துச் சொல்லப் பழகும்படி அவரிடம் கூறினோம்: ‘நோ, ஐ லெஃப்ற் இன் மார்ச்.’ எதிர்மறை வினாக்களையே மாற்றி மாற்றிக் கேட்டோம். அரைமணித்தியாலம் போல நடந்தது. வாயிலிருந்து ‘யெஸ்’ முந்திக்கொண்டு வந்தாலும், பின்னால் வரும் வாக்கியம் பொருளைக் காப்பாற்றிவிடும் என்பது இந்தப் பயிற்சியின் பயன். நேர்முகத்தில் அந்தக் கேள்வி உண்மையாகவே கேட்கப்பட்டதென்று பின்னர் வந்து சொன்னார். வேலை கிடைத்தது. அதற்குக் கடிதத்தின் இலக்கணம்தான் காரணம் என்று கொள்ள எங்களிடம் ஆதாரம் இல்லை. அவருடைய கணக்கு அனுபவமே காரணமாக இருந்திருக்கலாம்.

கொப்பியில் வந்த மாற்றம்

இந்த நிகழ்வுக்குப் பிறகு கொப்பியில் கேள்விக்கு முன்னால் மூன்று நிரல்கள் கோடிட்டு வைத்திருக்கிறோம். முதலாவதில், சொல்ல வந்ததை எழுத்துத் தமிழில் ஒரு வாக்கியமாக எழுதவேண்டும். இரண்டாவதில், அதை வாசிக்கப்போவது யார் என்று எழுதவேண்டும். மூன்றாவதில், முன்னர் வேறு யாரிடமாவது கேட்டிருந்தால் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதவேண்டும். ஆளின் பெயர் வேண்டியதில்லை, ஊர் போதும். ரொறன்ரோவா லண்டனா கொழும்பா என்பது தெரிந்தால், அந்த விடை எந்த வழக்கிலிருந்து வந்தது என்பது பாதி தெரிந்துவிடுகிறது.

முதல் நிரலை நிரப்பும்போதே சிலர் தம் கேள்விக்குத் தாமே விடை கண்டு எழுந்து போய்விடுகிறார்கள். சிலருக்கு அது சிரமமாக இருக்கிறது. தமிழில் கடிதம் எழுதிப் பழகாத இளையவர்கள் பேச்சுத் தமிழிலேயே எழுதுகிறார்கள், அப்போது “செய்கிறேன்” என்பதற்கும் “செய்து வருகிறேன்” என்பதற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தமிழில் விளக்கவேண்டியிருக்கிறது. ஆங்கிலத்துக்காக வந்தவர்க்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பதில் நேரம் போகிறது என்று குறை சொன்னவர்களும் உண்டு. எனக்கு அது வீண்போகும் நேரமாகத் தெரியவில்லை.

பரீட்சை வினாக்களை இந்த முறைக்குள் கொண்டுவருவதில்லை. இடைவெளி நிரப்பும் வினாவில் வேலையை விட்டவரும் இல்லை, கடிதத்தை வாசிப்பவரும் இல்லை. வினாத்தாள் தயாரித்தவர் எதிர்பார்க்கும் வடிவத்தை, வாக்கியத்திலுள்ள காலச்சொல்லைக் கொண்டு கண்டுபிடிப்பதே அங்கு பிள்ளைக்கு வேண்டியது. சாதாரண தரப் பிள்ளைகளை அத்தகைய வினாக்களைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதச் சொல்கிறோம். அந்தப் பக்கங்களில் மூன்று நிரல்களும் கோடிடப்படவில்லை.